அலையில் போன வண்டியும் அதைச் சொல்லும் நாமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நாற்றிசையும் நோக்கினாலும் கடல் கண்ணில் படாது. எனினும் கடலில் பிறக்கும் புயல் இச்சமவெளிக்கு அந்நியமன்று. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, வலுக் குறைந்த பின்னும் எங்கள் மாவட்டத்தின் வழியாகவே மேற்கு நோக்கிச் சென்றது. டிசம்பர் பிறந்து, வானம் மூடி, வாடை வீசத் தொடங்கினால், பேகம்பூரில் குடில் கட்டுவோரின் பேச்சினூடே எப்படியும் தனுஷ்கோடி வந்துவிடும். 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து புறப்பட்டு, ஊர் போய்ச் சேராத அந்தப் பயணிகள் வண்டியின் கதை வந்துவிடும்.

அக்கதையை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய அன்பியக் கூட்டமொன்றில், ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்ற உரிமையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நானும் பேசினேன். கடல் சீறி எழுந்தது என்றேன். அலையரக்கன் வாய் பிளந்தான் என்றேன். இயற்கையின் கோரத் தாண்டவத்தின் முன் மனிதன் ஒரு துரும்பு என்று முடித்தேன். நல்ல கைதட்டல் கிடைத்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஓர் அக்கா என்னிடம் வந்தார். இராமநாதபுரத்துக் கடற்கரை ஊரொன்றிலிருந்து திருமணமாகி வந்து, தோல் பதனிடும் தொழிலாளியின் மனைவியாகப் பேகம்பூரிலேயே முதுமை எய்தியவர். "ரொம்ப நல்லாப் பேசினீங்க தம்பி. ஆனா அந்த வண்டியில போனவுங்கள்ல ஒருத்தர் பேரைக்கூடச் சொல்லலியே" என்றார். அவருடைய அண்ணன் அந்த வாரம் வேலை தேடித் தனுஷ்கோடிக்குச் சென்றவர். அவ்வண்டியில் ஏறினாரா, முன்னதாகவே போய் ஊரில் இருந்தாரா என்பதை அறிய அக்குடும்பத்துக்குக் கடைசிவரை வழியில்லாமற் போயிற்று என்பதை அன்றுதான் அறிந்தேன்.

என் பேச்சின் மீது வைக்கப்பட்ட சரியான திறனாய்வு அது. ஒரு பேரிழப்பைப் பற்றிய எழுத்தையும் பேச்சையும் எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. அதற்கு நான் தேடிக் கண்ட விடையை வாசகர்முன் வைக்கிறேன்.

நடந்தது என்ன?

முதலில் செய்தியைச் செய்தியாகப் பார்ப்போம். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், இராமேசுவரம் தீவுக்குள் இரயில் நுழைந்தது. சென்னையிலிருந்து வரும் 'போட் மெயில்' பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு சென்றனர். இரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளி, கோயில், நம் ஆலயம் ஆகியவற்றோடு தனுஷ்கோடி உயிருள்ள ஊராக விளங்கியது.

1964 டிசம்பரில் அந்தமான் கடற்பகுதியில் தோன்றிய தாழ்வழுத்தம் புயலாக வலுத்து, 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணைக்குள் இறங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி, 653 என்னும் எண்ணுடைய பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் வண்டி, ஆறு பெட்டிகளுடன் பாம்பனை விட்டுக் கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி விளக்கு எரியவில்லை. ஓட்டுநர் சிறிது நேரம் காத்திருந்து, நீளமாக ஊதல் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. அப்போது எழுந்த பேரலை வண்டியை முழுவதுமாக மூடிற்று. பயணிகள் 110 பேர், பணியாளர் 5 பேர் எனக் கணக்குச் சொல்கிறது. பயணச்சீட்டின்றி ஏறியவர்களையும் சேர்த்தால் 200ஐ எட்டும் என்பாரும் உளர். தொடர்புகள் அற்றுப்போனதால், வண்டியின் கதி வெளியுலகுக்குத் தெரியவே ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆயின. புயலில் இறந்தோர் தொகை மொத்தம் 1,800 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. தனுஷ்கோடிக்குச் சென்ற இருப்புப்பாதை பிறகு போடப்படவேயில்லை.

அதே புயல் பாம்பன் பாலத்தின் 120க்கும் மேற்பட்ட தூலங்களையும் பெயர்த்தெறிந்தது. அவற்றுள் பலவற்றைக் கடலிலிருந்து மீட்டெடுத்து, ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார்கள்.

சொல்லும் முறையில் உள்ள குறைகள்

இனி, இச்செய்தியை நாம் எவ்வாறு சொல்லி வருகிறோம் என்று பார்ப்போம். டிசம்பர் தோறும் வரும் கட்டுரைகளிலும், யாத்திரை வழிகாட்டிகளிலும், என்னுடையது போன்ற மேடைப் பேச்சுகளிலும் பொதுவாக நான்கு குறைகள் தென்படுகின்றன.

முதலாவது, செய்தியிலேயே பிழை. இரயில் பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது கடலில் விழுந்ததாகப் பலர் சொல்கிறார்கள். பாம்பன் நிலையம் தீவின் பக்கத்தில் இருப்பது. அங்கிருந்து தென்கிழக்கே சென்ற வண்டி, பாலத்தைத் தொடவே இல்லை. பாலம் உடைந்தது என்பதும் உண்மை. வண்டி மூழ்கியது என்பதும் உண்மை. இரண்டையும் ஒட்டவைத்தால் காட்சி பெரிதாகிறது. ஆனால் இறந்தவர்கள் இறந்த இடமே மாறிப்போகிறது. தன் பிள்ளை எந்த இடத்தில் மாண்டான் என்று அறிய விரும்பும் தாய்க்கு இது சிறு பிழையா?

இரண்டாவது, வாக்கிய அமைப்பு. 'இரயிலை அலை விழுங்கியது' என்னும் வாக்கியத்தில் எழுவாய் அலை; செயப்படுபொருள் இரயில். மனிதருக்கு அவ்வாக்கியத்தில் இடமே இல்லை. வண்டியை அந்த இரவில் அனுப்புவதா, பாம்பனிலேயே நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் இடம் ஒன்று இருந்திருக்குமே, புயல் பற்றிய செய்தி எங்கே எட்டியது, எங்கே எட்டவில்லை என்ற கேள்விகளுக்கும் அதில் இடமில்லை. அரக்கன் விழுங்கினான் என்ற பிறகு யாரை என்ன கேட்பது? மாறாக, மனிதர் ஒருவரைக் கதைக்குள் கொண்டு வரும்போதோ, ஓட்டுநர் துணிந்து வண்டியை எடுத்தார் என்று அவர்மேல் மட்டும் பாரத்தை இறக்கிவிடுகிறோம். அவரும் அந்த வண்டியிலேயே மாண்டவர்; தம் தரப்பைச் சொல்ல வராதவர்.

மூன்றாவது, பெயர் கொடுப்பதில் நாம் காட்டும் ஓரவஞ்சனை. அந்நாட்களில் இராமேசுவரத்தில் சிக்கிக்கொண்டு உயிர் தப்பிய ஜெமினி கணேசனையும் சாவித்திரியையும் சொல்லாத தனுஷ்கோடிக் கதை அரிது. பிழைத்த இரு நட்சத்திரங்களின் பெயர் ஊரறியும். மாண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் 'பயணிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

நான்காவது, அழிவை அழகாக்குதல். 'பேய் நகரம்' என்று எழுதுகிறோம். கூரையிழந்த ஆலயத்தின் பவளப்பாறைச் சுவர்கள் மாலை வெயிலில் பொலிவதை வருணிக்கிறோம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, அச்சுவர்களின் முன் நின்று படமெடுத்துக் கொள்வோர் பெருகிவிட்டனர். புயலுக்குப் பின்னும் அந்த மணலில் குடிசையிட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வாழும் இடத்தைப் பேய்களின் இடம் என்று அழைப்பது எவ்வகை இலக்கிய நயம்?

டே ஆற்றுப் பாலமும் இரு கவிஞர்களும்

நம்முடைய நிலையைப் பிறர் நிலையோடு ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும். ஸ்காத்லாந்தில் டண்டீ நகரை ஒட்டி, டே ஆற்றின் அகன்ற முகத்துவாரத்தின் குறுக்கே 1878இல் ஓர் இரயில் பாலம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் உலகிலேயே நீளமான பாலம் அது. அதைக் கட்டிய தாமஸ் பவுச் என்னும் பொறியாளர் விக்டோரியா அரசியிடம் 'சர்' பட்டம் பெற்றார். 1879 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை, கடும் புயலில் பாலத்தின் உயர்ந்த நடுப்பகுதி இடிந்து விழுந்தது; அதன்மேல் சென்றுகொண்டிருந்த வண்டி ஆற்றுக்குள் போயிற்று. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

இதைப் பற்றி இருவர் பாடினர். ஜெர்மானியரான தியோடர் ஃபொன்டானே, செய்தி வந்த சில நாட்களிலேயே ஒரு கதைப்பாடல் எழுதினார். ஜெர்மன் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்த பாடல் அது. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்து மூன்று சூனியக்காரிகளை அவர் பாலத்தருகே வரவழைக்கிறார். மனிதன் கட்டியதை அழிக்க அவர்கள் கூடிப் பேசுகிறார்கள். பாலக் காவலரின் வீட்டில், வண்டியோட்டும் மகனுக்காக வயது முதிர்ந்த பெற்றோர் காத்திருக்கிறார்கள். மகன் வரப்போகும் மகிழ்ச்சியில், கிறிஸ்மஸ் மரத்தில் எஞ்சியிருக்கும் விளக்குகளை ஏற்றச் சொல்கிறார் தந்தை. அந்தக் காத்திருப்பில் கவிதை உச்சம் தொடுகிறது. படிப்பவர் நெஞ்சு கனக்கிறது. ஆனால் முடிவில் மீண்டும் சூனியக்காரிகள் வந்து, இறந்தோரின் எண்ணிக்கையைச் சொல்வதை ஒருத்தியும், பெயர்களைச் சொல்வதை ஒருத்தியும், வேதனையைச் சொல்வதை ஒருத்தியுமாகத் தமக்குள் பங்கிட்டுக் கொள்கிறார்கள். பெயர்களைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். கவிஞர் அந்தக் கடமையைச் சூனியக்காரியிடம் ஒப்படைத்துவிட்டார். விதி செய்தது, மனிதப் படைப்பு அற்பம் என்ற பாடமே எஞ்சுகிறது. அரக்கனை அழைத்த என் மேடைப் பேச்சும் இதே வழியில்தான் போயிற்று, அவருடைய கவித்துவம் இல்லாமல்!

மற்றவர், டண்டீயில் வாழ்ந்த வில்லியம் மெக்கோனகல் என்னும் நெசவாளி. ஆங்கிலக் கவிதையிலேயே மிக மோசமானவற்றுள் ஒன்று என்று அவர் பாடலை உலகம் இன்றளவும் நகைக்கிறது. சீர் தட்டுகிறது, எதுகைக்காகச் சொல்லை வளைக்கிறார், இறந்தோர் தொகையைக்கூட 90 என்று மிகைபடச் சொல்கிறார். எல்லாம் உண்மையே. ஆயினும் பாடலின் முடிவில் அவர் செய்யும் ஒரு காரியத்தைச் சிரிப்பவர்கள் கவனிப்பதில்லை. பாலத்தின் இருபுறமும் முட்டுக் கொடுத்திருந்தால் நடுப்பகுதி சாய்ந்திருக்காதே என்கிறார். பெருங்கவிஞர் கேளாத கேள்வியை இந்த எளிய நெசவாளி கேட்கிறார். விசாரணை மன்றமும் அதன் திசையிலேயே சென்று, பாலத்தின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு மூன்றிலும் குறை கண்டது. காற்றின் அழுத்தத்திற்கெனத் தனியே இடம் வைக்காமல் கட்டப்பட்டதும் அங்கே வெளிவந்தது. அதன் பின்னரே பிரித்தானியாவில் பாலம் கட்டுவோர் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது விதியாயிற்று.

மோசமான கவிதையே மேல் என்று நான் சொல்லவில்லை. நெஞ்சைத் தொடும் கலையும், காரணத்தைக் கேட்கும் நேர்மையும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்கிறேன். ஃபொன்டானேயிடம் முன்னது உண்டு. மெக்கோனகலிடம் பின்னதன் நிழலாவது உண்டு. தனுஷ்கோடி பற்றிய நம் வழக்கமான பேச்சில் இரண்டும் இல்லையே என்பதே என் வருத்தம்.

பெயர்களுக்கு அங்கே என்ன ஆயிற்று? வெகுகாலம் இறந்தோர் தொகை 75 என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லப்பட்டு வந்தது. பின்னர், குடும்ப வரலாறு தேடுவோர் பழைய ஆவணங்களைப் புரட்டி, ஐயமறத் தெரிந்த 59 பேரின் பட்டியலை உருவாக்கினர். 2013 டிசம்பர் 28 அன்று, விபத்து நடந்து 134 ஆண்டுகள் கழித்து, ஆற்றின் இரு கரைகளிலும் அப்பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. காலம் கடந்துவிட்டது என்று கைவிரிக்க நமக்கு உரிமை இல்லை என்பதை இது காட்டுகிறது.

சீலோவாம் கோபுரம்

டே பாலம் விழுந்தபோது, ஓய்வுநாளில் வண்டி ஓட்டியதற்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று பேசிய கண்டிப்பான சமயத்தார் அந்நாட்டில் இருந்தனர். இப்பேச்சு நமக்கும் புதியதன்று. புயலோ வெள்ளமோ வந்தால், அங்கே பாவம் மிகுந்துவிட்டது என்று யாரேனும் ஒருவர் சொல்லக் கேட்கிறோம்.

லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் இதற்கு விடை தந்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டது அக்கால எருசலேமில் பேசப்பட்ட செய்தி. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே மறுக்கிறார். உடனே, கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். இறந்தவரை எடைபோடுவதை விடுத்து, இருப்பவர் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அங்குள்ள போக்கு. பேரிழப்பைப் பற்றி எழுதுவோர் அனைவருக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

திருத்திக்கொள்ளாதபோது என்ன நேரும் என்பதற்கு, நீரிணைக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, கொழும்பிலிருந்து மாத்தறைக்குக் கடலோரமாகச் சென்ற வண்டி, காலி நகருக்கு வடக்கே பெரேலியவில் ஆழிப்பேரலையில் சிக்கியது. அது புயலன்று, நிலநடுக்கத்தால் எழுந்த அலை. ஆயினும் முதல் அலையில் நின்றுபோன வண்டியை உறுதியான புகலிடம் என நம்பி ஊர்மக்கள் பலர் அதில் ஏற, அடுத்த அலை அனைவரையும் கொண்டுபோயிற்று. 1,700 பேருக்கு மேல் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. வண்டியை நிறுத்தச் சொல்லி அதிகாரிகள் முயன்றும், அச்செய்தி உரிய நேரத்தில் நிலையத்தை எட்டவில்லை. தனுஷ்கோடிக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், கடலோர இரயிலுக்கும் எச்சரிக்கைக்கும் இடையிலான அதே இடைவெளி! ஆனால் அங்கே ஆண்டுதோறும் அதே நாளில் நினைவு வண்டி ஒன்று ஓடி, பெரேலியவில் நின்று, உறவினர்களை இறக்கிவிடுகிறது.

நம் பக்கத்திலும் நல்லது ஒன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பாம்பன் பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி நிறுத்தப்படும் ஏற்பாடு இருந்தது. 2022 டிசம்பர் 23 அன்று, தூக்குப் பகுதி துருப்பிடித்து வலுவிழந்ததால், பாலத்தில் வண்டிகள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை பயணிகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மண்டபத்திலிருந்து சாலை வழியே செல்ல நேர்ந்தது. பலர் சலித்துக்கொண்டார்கள். நேரத்தில் நிறுத்தப்பட்ட வண்டியைப் பற்றி எவரும் கவிதை எழுதுவதில்லை. ஆனால் 1964இன் அதே டிசம்பர் நாட்களில் எடுக்கப்பட்ட அம்முடிவு, இறந்தவர்களுக்குச் செய்த மெய்யான அஞ்சலி என்றே நான் எண்ணுகிறேன்.

நம் மொழியில் வழி உண்டு

தமிழில் இதற்கு முன்மாதிரி இல்லையா? இருக்கிறது. நெய்தல் திணைக்கு உரிப்பொருளாக நம் முன்னோர் வகுத்தது இரங்கல். கரையில் காத்திருப்போரின் துயரத்துக்கு ஒரு திணையையே ஒதுக்கிய மொழி நம்முடையது. தனுஷ்கோடியைப் பாடக் கடலின் வீரத்தை வருணிக்கத் தேவையில்லை. கரையில் காத்திருந்தவளின் பக்கத்தில் போய் அமர்ந்தால் போதும்.

காரணத்தைக் கேட்கும் எழுத்துக்கோ எங்கள் ஊரே சான்று. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதி, 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றார். சுண்ணாம்புக் குழியில் வெந்த கைகால்களை விதியின் விளையாட்டு என்று அவர் எழுதவில்லை. யார் உழைத்தார்கள், யார் ஒடுக்கினார்கள், அவர்கள் எப்படி ஒன்றுசேர்ந்தார்கள் என்று ஆட்களைக் காட்டி எழுதினார். பேகம்பூர்த் தெருக்களில் நடந்தவர்கள் அந்நாவலுக்குள் மனிதராக நடமாடுகிறார்கள். தொழிற்கூடத்தின் துயரத்துக்கு இப்படி ஒரு நாவல் வாய்த்தது போல, தனுஷ்கோடி வண்டிக்கும் வாய்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சிறிய வேலை இருக்கிறது. அதை நாவலாசிரியருக்காகக் காத்திராமல் நாமே தொடங்கலாம். 1964இல் இளைஞராய் இருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதிகளிலும், அங்கிருந்து வேற்றூர் சென்ற குடும்பங்களிலும், அந்த இரவில் யாரை இழந்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர், வயது, ஊர், எதற்காகப் புறப்பட்டார் என்ற நான்கே செய்தி போதும். இளையோர் குழுக்கள் ஒரு விடுமுறையில் வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதிவைக்கலாம். எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. அலை அப்படிப் பார்க்கவில்லை.

அக்காவிடம் மீண்டும் சென்றேன். உங்கள் அண்ணன் பெயரை என் கட்டுரையில் எழுதட்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வேண்டாம் தம்பி. அது பூசையில வாசிக்கிற பேரு. அங்கயே இருக்கட்டும்" என்றார். ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று அவர் கொடுக்கும் கருத்தில், திருப்பலிக்கு முன் அந்தப் பெயர் வாசிக்கப்படுகிறது. எத்தனையோ ஆண்டுகளாக நானும் அந்த ஆலயத்தில்தான் இருந்திருக்கிறேன். என் காதில் விழுந்திருக்க வேண்டும். சென்ற டிசம்பரில்தான் முதல்முறையாக அதைக் கவனித்துக் கேட்டேன்.